அம்மாவும் ஆஸ்பத்திரி ரொட்டியும்

ரொட்டியைக் கண்டு பயந்த பிரெஞ்சுக்காரி உலகத்திலேயே எங்கள் அம்மா ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். அதுவும் ரொட்டிக்கடைக்காரரின் மகள்.

போன மாதம் பித்தப்பைக் கல்லுக்காகச் சித்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். ஆபரேஷன் முடிந்து வாய்க்கு ஏதாவது கொடுக்கலாம் என்றானதும், நர்ஸ் தட்டில் ரொட்டியும் டம்ளரில் பாலும் கொண்டுவந்து வைத்தாள். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தையல் இழுத்து உயிர் போயிற்று. நர்ஸ் பயந்துவிட்டாள். அவளிடம் சொல்லி முடிகிற கதையா இது? இப்போது வீட்டில், கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். பேனா கனமில்லை, அதனால் எழுதுகிறேன்.

அம்மா தொண்ணூறைத் தாண்டி வாழ்ந்தாள். மத்தியானம் களி தின்றுவிட்டுப் படுத்தவள், எழுந்திருக்காமல் போய்ச் சேர்ந்தாள். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. நான் சொல்ல வந்தது அதற்கு முப்பது வருஷத்துக்கு முந்தைய கதை. அறுபதை ஒட்டிய வயதில், பிழைக்க வேண்டிய உடம்பை வைத்துக்கொண்டு சாகப் புறப்பட்டாளே, அந்தக் கதை.

அவள் பிறந்தது மார்சேய் துறைமுகத்தில். பெயர் ழான். முதல் யுத்தத்தில் பட்டாளத்தோடு போன எங்கள் நைனா, அதாவது எங்கள் அப்பா, அதிகாரிகளின் சாப்பாட்டுக்கு ரொட்டி வாங்கத் தினமும் அவளுடைய அப்பாவின் கடைக்குப் போவார். பாஷை தெரியாமல் விரலைக் காட்டி ரொட்டி கேட்ட மனுஷனுக்காக ஒரு பெண் கடல் தாண்டி வருவாளா? வந்தாள். யுத்தம் முடிந்து நைனா ஊர் திரும்பினார். அடுத்த வருஷம் அம்மா கப்பலேறிப் புதுச்சேரியில் வந்து இறங்கினாள். எப்படிம்மா துணிஞ்சே என்று கேட்டால், "டிக்கெட்டு வாங்கிட்டேன்டி, வீணாப் போயிடுமேன்னு வந்தேன்" என்பாள். புத்தூர்ப் பக்கத்தில் எங்கள் கிராமம். ஊர் அவளை ஜானகி என்று கூப்பிட்டது. கழுத்தில் தாலியோடு ஒரு சின்ன மாதா பதக்கமும் தொங்கும். யாரும் ஒன்றும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவள் பதில் சொல்லியிருக்க மாட்டாள்.

வந்த புதிதில் அம்மாவுக்குச் சோறும் களியும் இறங்கவில்லை. ரொட்டி வேண்டும் என்று நைனாவிடம் கேட்டிருக்கிறாள். நைனா சித்தூர் வரை போய் ஒரு ரொட்டி வாங்கி வந்தார். அங்கேதான் வம்பு வந்தது. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் ரொட்டி என்பது சாப்பாடே இல்லை, அது நோயாளிக்கானது. நாட்டு மருந்தெல்லாம் பார்த்துக் கைவிட்ட பிறகுதான் ஆளைக் கட்டிலோடு பட்டணத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்குவார்கள். அங்கே ரொட்டியும் பாலும் கொடுப்பார்கள். பெரும்பாலும் ஆள் திரும்பி வர மாட்டார். ஆகவே ரொட்டி வந்தால் கதை முடிந்தது என்றே ஊருக்குக் கணக்கு. நைனாவின் தங்கை ராசாத்தி அத்தைக்கு அப்போது பாவாடை கட்டுகிற வயது. பையிலிருந்து ரொட்டி வெளியே வந்ததைப் பார்த்ததும், "அண்ணிக்கு ரொட்டி வாங்கியாந்துட்டாங்க" என்று அழுதுகொண்டே தெருக்கோடி வரை ஓடினாளாம். விளக்கு வைப்பதற்குள் பாதி ஊர் துக்கம் விசாரிக்க வந்துவிட்டது. புதுப்பெண் நோயாளி என்ற பேச்சு அடங்கப் பல மாதமாயிற்று. அதற்கப்புறம் அம்மா ரொட்டி கேட்கவில்லை. களி கிண்டக் கற்றுக்கொண்டாள். எனக்கு நினைவு தெரிந்து ரொட்டி என்ற சொல்லே எங்கள் வீட்டில் புழங்கியதில்லை.

அம்மா அறுபதை ஒட்டி நோயில் விழுந்த அந்த வருஷம் எல்லை பிரிக்கிற பேச்சு எங்கும் நடந்துகொண்டிருந்தது. ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எந்த ஊர் மதராசுக்கு, எந்த ஊர் ஆந்திராவுக்கு என்று பஸ்ஸிலும் டீக்கடையிலும் ஆளுக்கொரு கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கல்யாணமாகிச் சித்தூரில் டீச்சராக இருந்தேன். என்னைப் பார்க்க வந்த அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. மலேரியா என்று கொய்னா கொடுத்தார்கள். காய்ச்சல் கேட்கவில்லை. நாளுக்கு நாள் படிப்படியாக ஏறியது. நாக்கு வெள்ளையாகத் தடித்தது. ஒரு வாரம் பொறுத்து ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். அது விடால் என்கிற சோதனை. நம் ரத்தத்தின் தெளிந்த நீரோடு செத்த டைபாய்டு கிருமிகளைக் கலந்து பார்ப்பார்கள். உடம்பு அந்தக் கிருமியோடு ஏற்கெனவே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால், கிருமியெல்லாம் திரிதிரியாகத் திரளும். அம்மாவுக்கு நன்றாகவே திரண்டது. டைபாய்டு என்று தெரிந்து மாத்திரை ஆரம்பிப்பதற்குள் வெளிக்கிருந்ததில் ரத்தம் பட்டுவிட்டது. உடனே திருப்பதிக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

திருப்பதியில் நாங்கள் சேர்ந்த ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு ஒரு நீண்ட ஹால். அம்மாவின் கட்டில் ஜன்னலோரம். படுத்தபடியே மலை தெரியும். டாக்டர் நெல்லூர்ப் பக்கத்து இளைஞர், தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். அவர்தான் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். டைபாய்டு காய்ச்சல் நோய் போலத் தெரிந்தாலும் அது குடல் நோய். கிருமி குடலின் உட்சுவரில் புண்ணாக்கிவிடும். புண் உள்ள இடம் நனைந்த காகிதம்போல் மெலிந்திருக்கும். அதற்கான புது மாத்திரை வந்துவிட்டது, பயமில்லை. ஆனால் புண் ஆறுகிற வரை கட்டிலைவிட்டு எழக் கூடாது, குலுங்கக் கூடாது. களி, கீரை, காரம் எதுவும் உள்ளே போகக் கூடாது. குடல் ஓட்டையானால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். "பாலு, ஓரம் வெட்டின ரொட்டி, அரோரூட் கஞ்சி. அந்தே. வேற ஏமீ ஒத்து" என்று முடித்தார். அவ்வளவுதான், வேறு எதுவும் கூடாது என்று அதற்கு அர்த்தம்.

ரொட்டி என்று அவர் சொன்னபோது எனக்கு உறைக்கவே இல்லை. பட்டணத்தில் பல வருஷம் இருந்துவிட்டவள் நான்.

காலையில் நர்ஸ் எனாமல் தட்டை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டுப் போனாள். அம்மா தட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"கமலா, டாக்டரு இன்னா சொன்னாரு? நெசத்த சொல்லு."

"சரியாப் போயிடும்னாரும்மா."

"சரியாப் போறவளுக்கு எதுக்குடி ரொட்டி?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பாலும் வேண்டாம், கஞ்சியும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். ரொட்டியைப் பார்த்தபிறகு எல்லாமே அவளுக்குச் சும்மா எங்கள் மனத்திருப்திக்காகச் செய்கிற காரியமாகிவிட்டது. மறுநாளும் அப்படியே. உதடு வெடித்துக் கண் குழி விழுந்தது. கெஞ்சினேன், அதட்டினேன், அழுதும் பார்த்தேன். கடைசியில் ஒரே ஒரு பேச்சுக்கு இறங்கி வந்தாள்.

"நான் பொழைப்பேன்னு நீ நம்பறியா? நம்பினா களி குடு, துன்றேன். களிதான் பொழைச்சிக் கெடக்கறவங்க துன்றது."

அதை மட்டும் என்னால் கொடுக்க முடியாது. அது அவளுக்கும் தெரிந்தது. நான் பால் டம்ளரை மறுபடி நீட்டியதையே பதிலாக எடுத்துக்கொண்டாள்.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "ஏம்மா, மீ தேசத்துல ரொட்டிதானே சோறு? அதுக்கா பயப்படறீங்க?" என்று சிரித்தார்.

"எந்த தேசம்?" என்றாள் அம்மா. "எங்க ஊர்ல ரொட்டி குடுத்தா பொழைக்க மாட்டாங்க டாக்டரு. நீங்க வேணா புத்தூர்ப் பக்கம் வந்து கேட்டுப் பாருங்க."

அவர் அவளுடைய வெள்ளைத் தோலையும் நீலக் கண்ணையும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வெளியே வந்ததும் சிரிப்பை விட்டுவிட்டார். இப்படியே பட்டினி கிடந்தால் மருந்து வேலை செய்தும் பயனில்லை, உடம்பு தாங்காது என்றார்.

நைனா கிராமத்திலிருந்து வந்தார். வந்தவர் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா அவரிடம் ஒன்றுதான் கேட்டாள். "என்ன ஊட்டுக்குக் கூட்டிக்கினு போயிடு. நம்ம கூடத்துலயே கண்ண மூடறேன்." நைனா எழுந்து வெளியே போனார். பின்னாலேயே ஓடினேன்.

"எங்க நைனா போறே?"

"காரு பேசறதுக்கு."

"குலுங்கினா குடல் ஓட்டையாயிடும்னு டாக்டர் சொல்றாரு. நீ இன்னா நைனா?"

தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் நைனா கண்கலங்கி நான் பார்த்தது அன்றுதான். "இத்தினி வருசத்துல அவ எங்கிட்ட வாய்விட்டுக் கேட்டது ஒண்ணே ஒண்ணு, ரொட்டி. ஊர் வாய்க்கு பயந்துக்கினு அதையும் நிறுத்திட்டேன். இப்ப ஊட்டுக்குப் போவணும்ங்கறா. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரலம்மா" என்றார். போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் அவரை அங்கேயே நாலு கேள்வி கேட்டிருப்பேன். ஆனால் அந்த முதுகைப் பார்த்தபோது கேட்க முடியவில்லை.

மறுநாள் காலையில் கார் வந்து வாசலில் நின்றது. அம்மாவின் புடவைகளை நைனா மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது ராசாத்தி அத்தை வந்து சேர்ந்தாள். அத்தை வாழ்க்கைப்பட்டது திருத்தணிப் பக்கம். கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நைனா ஆள் அனுப்பியிருக்கிறார். அவளும் ஐம்பதைத் தாண்டியவள், பஸ்ஸில் இடிபட்டுக்கொண்டு, கையில் ஒரு தூக்கோடு வந்தாள். தூக்கில் களி. அண்ணி களி கேட்கிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"இன்னா அண்ணி, வெளிய காரு நிக்குது?"

"ஊட்டுக்குப் போறேன் ராசாத்தி. ரொட்டி குடுத்துட்டாங்க."

அத்தைக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அவள் முகம் செத்துவிட்டது. ஸ்டூலின் மேலிருந்த தட்டைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நெசமாவே அவ்ளோதானா?"

நான் குடலையும் புண்ணையும் சொன்னேன். களி தின்றால் என்ன ஆகும், காரில் குலுங்கினால் என்ன ஆகும் என்றேன். அந்த ரொட்டியையும் பாலையும் தின்றால் பிழைத்துக்கொள்வாள் என்றேன்.

"ரொட்டி துன்னா பொழைப்பாளா?" அத்தை மறுபடி மறுபடி அதையே கேட்டாள். "அன்னைக்கு தெருவுல ஓடாம வாய மூடிக்கினு இருந்திருக்கணும் நானு" என்றாள்.

உள்ளே போனாள். தூக்கைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். குழாயில் கையைக் கழுவிக்கொண்டு வந்து கட்டிலில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியே மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். தட்டிலிருந்த ரொட்டியை எடுத்து, பாலில் தோய்த்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயில் போட்டாள்.

அம்மா பதறிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இரண்டு நாளாகத் தலையைக்கூடத் தூக்காதவள். "அடி பைத்தியமே, நீ எதுக்குடி அத துன்ற? துப்புடி."

அத்தை துப்பவில்லை. அவளுக்கும் அந்தப் பயம்தானே? அது அவளுடைய பயமும்தான். விழுங்குவதற்குள் அவள் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. "எனக்கு இன்னா நோயி? ஒண்ணுமில்ல. துன்றேன், பாத்துக்கினே இரு. நான் செத்தா நீயும் சாவு. நான் பொழைச்சா நீயும் பொழைச்சிக்கோ."

வார்டு முழுக்க எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. கையில் புடவைப் பையோடு நைனா அப்படியே நின்றார். அத்தை இன்னொரு துண்டை மென்றாள். முகம் கோணிக்கொண்டு போயிற்று.

"கொமட்டுது அண்ணி. பஞ்ச துன்னாப்பல கீது. இதயா உங்க ஊர்ல மூணு வேளையும் துன்றீங்க?"

அம்மாவின் முகத்தில் ஒரு மாற்றம். ரோஷம் என்று சொல்வதா, தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத ஒன்று.

"இதயா? இது ரொட்டியே இல்லடி."

"பின்ன? பாக்க ரொட்டியாட்டம்தான கீது? துன்னு பாத்துட்டு சொல்லு."

அம்மா கையை நீட்டினாள். அத்தை பாலில் தோய்த்து ஒரு துண்டைக் கொடுத்தாள். அம்மா அதை வாயில் போட்டு, நாக்கால் புரட்டி, கண்ணை மூடி, ரொம்ப நேரம் மென்றாள். பிறகு விழுங்கினாள். "உப்பு பத்தல. மாவு பொங்கறதுக்குள்ள அடுப்புல வெச்சிட்டான். எங்க நைனா இத கடைக்குள்ளயே உட மாட்டாரு" என்றாள்.

எங்க நைனா. மார்சேயில் ரொட்டிக்கடை வைத்திருந்த அந்த மனுஷரை அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். பின்னால் அத்தையின் குரல் கேட்டது. "சரி, இன்னொரு வாய் துன்னுட்டு இன்னும் இன்னா கொறைன்னு சொல்லு." அம்மா சொன்னாள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு குறை. தட்டு காலியாகிவிட்டது. மாத்திரையையும் அந்தச் சண்டைக்கு நடுவிலேயே விழுங்கவைத்துவிட்டோம். நைனா பையைக் கீழே வைத்துவிட்டு, காரை அனுப்பப் போனார்.

காய்ச்சல் இறங்க இன்னும் நாளாயிற்று. ஆனால் பயம் இறங்கிவிட்டது. வேளாவேளைக்கு ரொட்டி வந்தது, முதல் வாய் அத்தை, இரண்டாம் வாய் அம்மா. மத்தியான வேளையில் வார்டு அடங்கியிருக்கும்போது அம்மா பேசுவாள். அடுப்பிலிருந்து எடுத்துப் பலகையில் வைத்ததும் ரொட்டியின் மேல்தோல் படபடவென்று சத்தம் போடுமாம், அதை அவளுடைய அப்பா ரொட்டி பாடுது என்பாராம். நைனா கடை வாசலில் நின்று இரண்டு விரல் காட்டுவார், அவள் வேண்டுமென்றே மூன்று கொடுப்பாளாம். அதைக் கேட்டதும் நைனா காது சிவக்க ஆஸ்பத்திரி முற்றத்துப் பக்கம் போய்விடுவார். நாற்பது வருஷம் தேக்கிவைத்திருந்த ஊரை அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு எங்களுக்குக் கொடுத்தாள். நோய் வராமலிருந்தால் அதெல்லாம் எங்களுக்குக் கிடைத்திருக்காது. அந்த மத்தியானங்களை இன்றைக்கும் நினைத்தால் மனசு குளிர்கிறது.

பக்கத்துக் கட்டில்களைப் பார்க்க வருகிறவர்கள் எல்லைப் பேச்சை எடுத்துவிடுவார்கள். நகரி எங்கே போகும், திருத்தணி எங்கே போகும் என்று ஒரே சத்தம். ஒருநாள் ஒரு பெரியம்மா, திருத்தணி மதராசுக்குப் போய்விட்டால் உன் நாத்தனார் வேறு நாட்டுக்காரியாகிவிடுவாளே என்று அம்மாவிடம் வருத்தப்பட்டாள். அம்மா சிரித்தாள். "நான் கடல தாண்டி வந்தவ. ராசாத்தி ஒரு வாய்க்கால தாண்ட மாட்டாளா?"

ஒருவழியாகக் காய்ச்சல் நின்று அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். போவதற்கு முன் அத்தை மலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வந்தாள், அன்று போட்ட கும்பிடுக்கு. அம்மா அவள் மொட்டையைத் தடவிப் பார்த்து, "இதுவும் சரியா பொங்கல" என்றாள். வார்டே சிரித்தது.

அடுத்த வருஷம் கோடு போட்டார்கள். அத்தையின் ஊர் மதராசுக்குப் போயிற்று, எங்கள் ஊர் ஆந்திராவில் நின்றது. அம்மா எங்கள் வீட்டில் முதல்முறையாக ரொட்டி சுட்டாள். பெரிய மண்சட்டியில் மணலைப் போட்டுக் காய்ச்சி, கோதுமை மாவில் புளித்த இட்லி மாவைக் கொஞ்சம் சேர்த்துப் பிசைந்து பொங்கவைத்து. முதல் தடவை கருகியது. வாசம் தெருவுக்குப் போய், யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரிக்க நாலு பேர் வந்தார்கள். ஆளுக்கொரு துண்டு கொடுத்து அனுப்பினாள். சிலர் தின்றார்கள். சிலர் மாட்டுக்கு வைத்திருப்பார்கள்.

பல வருஷம் கழித்து, நைனாவும் போனபிறகு, ராசாத்தி அத்தை படுத்த படுக்கையானாள். இதயம் பழுது. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். எதுவும் இறங்கவில்லை, அண்ணி சுட்ட ரொட்டி இருந்தால் ஒரு வாய் தின்பேன் என்று சொல்லி அனுப்பினாள். எண்பதைத் தாண்டிய அம்மா விடியலில் எழுந்து சுட்டாள். சூடு ஆறுவதற்குள் துணியில் சுற்றி, என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். எல்லை எந்த இடத்தில் வந்தது, எந்த இடத்தில் போனது என்று இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

அத்தை கூடத்தில் படுத்திருந்தாள். சுற்றிலும் அக்கம்பக்கத்துப் பெண்கள். அம்மா தரையில் உட்கார்ந்து, துணியைப் பிரித்து, ரொட்டியைப் பிட்டு முதல் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். இரண்டாவதைக் காபியில் தோய்த்து அத்தையின் வாயில் வைத்தாள். அத்தை மென்றாள், கண்ணைத் திறந்து, "உப்பு பத்தல அண்ணி" என்றாள். வாசற்படியில் நின்ற ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ரொட்டி குடுக்கற அளவுக்கு ஆயிடுச்சா?" என்று அழ ஆரம்பித்தாள்.

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த துண்டைப் பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"இது நோயாளிக்கு இல்லம்மா. என் நாத்தனாருக்கு."